ஒற்றைச் சுவிட்சு இல்லாத சமூக ஊடகங்கள்: நமக்கான இடம் அங்கே இருக்கிறதா?

2025 மே 7 அன்று இந்தியாவில் இன்ஸ்டாகிராமைத் திறந்து '@முஸ்லிம்' என்ற பக்கத்தைத் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சுமார் 67 லட்சம் பேர் பின்தொடரும் அந்தச் செய்திப் பக்கத்தை, அரசின் சட்டபூர்வக் கோரிக்கையை ஏற்று இந்தியாவில் மட்டும் முடக்கியிருப்பதாக அறிவிப்பு வந்தது. மறுநாள் எக்ஸ் நிறுவனம் ஒரு தகவலை வெளியிட்டது. 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை இந்தியாவில் முடக்கச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. பெரும்பாலான கணக்குகளில் எந்தப் பதிவு எந்தச் சட்டத்தை மீறியது என்றுகூடச் சொல்லப்படவில்லை என்றது அந்நிறுவனம். மக்தூப் மீடியாவின் கணக்கும் முடக்கப்பட்டவற்றில் ஒன்று.

அது போர்ச்சூழல், அதனால் அப்படி நடந்தது என்று சிலர் சொல்லலாம். ஆனால், போர் இல்லாத நாட்களிலும் இதே கதைதான். அரசு கேட்காமலேயே நிறுவனங்கள் தாமாக முன்வந்து நீக்கிய பதிவுகளின் பட்டியல் இன்னும் நீளமானது. 2023 அக்டோபர், நவம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் நீக்கப்பட்ட அல்லது அமுக்கப்பட்ட 1,050 பதிவுகளை மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆய்வு செய்தது. அவற்றில் 1,049 பாலஸ்தீனத்தை ஆதரித்து அமைதியான முறையில் எழுதப்பட்டவை. ஒன்றே ஒன்றுதான் இஸ்ரேலுக்கு ஆதரவானது. 'ஷஹீத்' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டாவின் தளங்களில் வேறெந்தத் தனிச் சொல்லையும்விட அதிகமான பதிவுகள் நீக்கப்படக் காரணமாக இருந்தது அந்தச் சொல்தான் என்று, மெட்டா அமைத்த மேற்பார்வை வாரியமே 2024 மார்ச்சில் கூறியது. இறந்துபோன மகனைப் பற்றித் தாய் எழுதினாலும், விபத்தில் மறைந்தவருக்கு துஆ கேட்டு எழுதினாலும் அந்தச் சொல் வரத்தானே செய்யும்? இயந்திரத்துக்கு அது புரியவில்லை.

ஆக, பிரச்சினை ஒரு குறிப்பிட்ட அரசோ, ஒரு குறிப்பிட்ட முதலாளியோ மட்டும் அல்ல. கோடிக்கணக்கானோர் பேசும் ஒரு மைதானத்துக்கு ஒரே ஒரு சுவிட்சு இருப்பதுதான் பிரச்சினை. அது யார் கையில் இருக்கிறதோ, அவர் நினைத்தால் விளக்கு எரியும்; நினைத்தால் அணையும். இதற்கு மாற்றாக 'பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளங்கள்' என்ற பெயரில் சில ஆண்டுகளாகப் பேசப்படும் மஸ்டடான், ப்ளூஸ்கை போன்றவற்றில் நம் சமுதாயத்துக்கு, குறிப்பாகத் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு, உண்மையில் இடம் இருக்கிறதா? அங்கே போனால் நம் செய்திகள் கிடைக்குமா, நம் மக்கள் கிடைப்பார்களா?

ஒரு வழக்கறிஞரும் ஒரு புகைப்படமும்

இந்தியாவில் இந்தப் பேச்சு தொடங்கியதே ஒரு முடக்கத்தில்தான். 1936-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற புகைப்படம் உண்டு. கூட்டமே கையை நீட்டி நாஜி வணக்கம் செலுத்தும்போது, ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அந்தப் படத்தைத் தன் ட்விட்டர் கணக்கின் முகப்பில் வைத்திருந்தார். 2019 அக்டோபர் இறுதியில், அது 'வெறுப்பைத் தூண்டும் படம்' என்று சொல்லி ட்விட்டர் அவர் கணக்கை முடக்கியது. நாஜிகளுக்குப் பணியாதவரின் படம் நாஜி வெறுப்புப் படமாகிவிட்டது! கணக்கு திரும்பக் கிடைத்த வேகத்தில், கோரக் பாண்டேயின் ஓர் இந்திக் கவிதையை முன்பு பகிர்ந்ததைக் காரணம் காட்டி மறுபடியும் முடக்கினார்கள்.

முஸ்லிம்களுக்கும் தலித்துகளுக்கும் எதிரான வெறுப்புப் பதிவுகள் தாராளமாக உலவும் ஒரு தளத்தில் இப்படி நடந்தது பலருக்கும் ஆத்திரத்தை ஏற்படுத்தியது. 2019 நவம்பரில் இந்தியாவின் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள் எனப் பல ஆயிரம் பேர் மஸ்டடானில் கணக்குத் தொடங்கினர். அந்த அலையில் ஒரு நல்லதும் நடந்தது. மஸ்டடானின் பெரிய சர்வரான மஸ்டடான் டாட் சோஷியல், தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் இனவெறியுடன் 'சாதியம்' என்ற சொல்லையும் சேர்த்தது. ஜெர்மனியிலிருந்து நடத்தப்படும் ஒரு சர்வரின் விதிகளில் சாதி ஒரு குற்றமாக எழுதப்பட்டது சிறிய விஷயம் அல்ல.

ஆனால், போனவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் திரும்பிவிட்டனர். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோதும் இதே காட்சி உலக அளவில் நடந்தது. மாதம் 3 லட்சம் பேர் புழங்கிய மஸ்டடானில் ஒரே மாதத்தில் 25 லட்சம் பேர் ஆனார்கள். 2023-ல் அந்தக் கூட்டம் வெகுவாகக் கலைந்தது. ஏன் திரும்பினார்கள்? யாரும் தடுக்கவில்லை, யாரும் முடக்கவில்லை. உள்ளே நுழைந்தால் திரை காலியாக இருந்தது. அவ்வளவுதான்.

திரை ஏன் காலியாக இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள, இந்தத் தளங்கள் எப்படி இயங்குகின்றன என்று சற்றுப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜிமெயிலில் இருப்பார், இன்னொருவர் அலுவலக அஞ்சலில் இருப்பார். இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பத் தடையில்லை. மஸ்டடானும் அப்படித்தான். யூஜென் ரோச்கோ என்ற ஜெர்மானிய இளைஞர் 2016-ல் வெளியிட்ட இந்த மென்பொருளை எவரும் தம் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். அப்படி ஆயிரக்கணக்கான சர்வர்கள் தனித்தனி நிர்வாகத்தில் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பேசப் பயன்படும் பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வேர்ல்டு வைட் வெப் கூட்டமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரநிலையாக ஏற்றது. புகைப்படங்களுக்கான பிக்ஸெல்ஃபெட், காணொளிகளுக்கான பியர்டியூப், விவாதக் குழுக்களுக்கான லெம்மி எல்லாம் அதே மொழி பேசுபவை. இந்த மொத்த வலைப்பின்னலுக்கும் ஃபெடிவர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ப்ளூஸ்கை வேறு வழியில் வந்தது. 2019-ல் ட்விட்டருக்குள்ளேயே ஒரு திட்டமாகத் தொடங்கி, பின்னர் தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. 2025 இறுதியில் 4 கோடி கணக்குகளைத் தொட்டது. இதன் தொழில்நுட்பம் வேறு; ஆக்டிவிட்டிபப்புடன் நேரடியாகப் பேசாது, இடையில் பாலம் போட்டுத்தான் இணைக்க முடியும். வடிவமைப்பில் பரவலாக்கப்பட்டது என்றாலும், இன்றுவரை பெரும்பாலான கணக்குகள் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. இதை மறைத்துவிட்டுப் பேசுவதில் பயனில்லை.

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நாம் எதையும் தேட வேண்டியதில்லை. நமக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் கோபம் வரும் என்று கணக்கிட்டு அல்காரிதம் ஊட்டிவிடும். மஸ்டடானில் ஊட்டிவிட ஆள் இல்லை. நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்கள் எழுதியது, எழுதிய நேர வரிசையில் வரும். யாரையும் பின்தொடராதவருக்கு எதுவும் வராது. பழக்கம் இல்லாதவர் இரண்டு நாள் பார்ப்பார், மூன்றாம் நாள் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார். இங்கே தேடிப் போகிறவருக்குத்தான் உணவு. இந்த வேறுபாட்டை யாரும் சொல்லாமல், 'ட்விட்டருக்கு மாற்று வந்துவிட்டது, எல்லோரும் வாருங்கள்' என்று மட்டும் அழைத்ததுதான் 2019-லும் 2022-லும் நடந்த தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

தேடுவதற்கான வழிகள் இல்லாமல் இல்லை. மஸ்டடானில் 2022 இறுதியிலிருந்து ஆட்களைப் போலவே ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம். உங்களுக்கு யாரையுமே தெரியாவிட்டாலும், காஸா, வக்ஃப், கல்வி உதவித்தொகை என நாலைந்து ஹேஷ்டேக்குகளைப் பின்தொடர்ந்தால் திரை நிரம்பத் தொடங்கும். அதில் நன்றாக எழுதுபவர்களைப் பார்த்துப் பின்தொடரலாம். அவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று போய்ப் பார்க்கலாம். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர் தெருவில் ஒருவரைத் தெரிந்துகொண்டு, அவர் மூலம் நாலு பேரைத் தெரிந்துகொள்வதைப் போன்றதுதான் இது.

சர்வர் தேர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'எந்த சர்வரில் சேர்ந்தாலும் ஒன்றுதான்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். முழு உண்மை அல்ல. ஒரு சர்வருக்கு, அதிலுள்ள உறுப்பினர்கள் பின்தொடரும் கணக்குகளின் பதிவுகள்தான் வந்து சேரும். 20 பேர் உள்ள சர்வரில் இருந்துகொண்டு ஒரு ஹேஷ்டேக்கைத் தேடினால், அந்த 20 பேரின் தொடர்புகளுக்குள் வந்தவை மட்டுமே தெரியும். அதே ஹேஷ்டேக்கைப் பெரிய சர்வரில் தேடினால் பல மடங்கு அதிகம் கிடைக்கும். அதோடு, பதிவுகளைச் சொல்லை வைத்துத் தேடும் வசதி 2023 செப்டம்பரில்தான் வந்தது. அதுவும் எழுதியவர் 'என் பதிவுகளைத் தேடலாம்' என்று அனுமதி தந்திருந்தால் மட்டுமே. புதிதாகச் சேர்பவர்கள் இந்த அனுமதியைக் கவனிப்பதே இல்லை. எழுதியதெல்லாம் இருக்கும், யார் தேடினாலும் அகப்படாது.

ஒரே ஊர், மூன்று எழுத்துக்கூட்டல்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அல்காரிதம் இல்லாத இடத்தில் ஹேஷ்டேக்தான் நம்மைச் சேர்க்கும் சந்திப்பு. ஆனால் நாம் ஒரே சந்திப்புக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறோம். தமிழகத்தில் 'பாலஸ்தீனம்', இலங்கையில் 'பலஸ்தீனம்'. ஒருவர் 'காஸா', இன்னொருவர் 'காசா'. 'ரமலான்', 'ரமளான்', 'ரமழான்' என்று நோன்பு மாதத்துக்கே மூன்று வடிவம். மனிதக் கண்ணுக்கு இவை ஒன்று. கணினிக்கு வெவ்வேறு சொற்கள். கொழும்பில் இருப்பவர் ரமழானைப் பற்றி எழுதியதைக் காயல்பட்டினத்தில் இருப்பவர் ரமலான் என்று தேடினால் காண முடியாது. எண்ணிக்கையில் சிறிய சமூகம், அதிலும் எழுத்துக்கூட்டலால் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது.

வேற்றுமை உருபு இன்னொரு தொல்லை. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் நடுவிலேயே ஹேஷ்டேக் போட்டுவிடலாம். தமிழில் அப்படிப் போட்டால் '#காஸாவில்', '#காஸாவுக்கு', '#காஸாவின்' என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஹேஷ்டேக் ஆகிவிடும். எனவே வாக்கியத்தை இயல்பாக எழுதி முடித்துவிட்டு, கடைசி வரியில் வேர்ச்சொல்லைத் தனியாக, முடிந்தால் இரண்டு எழுத்துக்கூட்டல்களிலும் இடுவதே பயன்தரும். படிப்பவர் பக்கத்திலும் ஒரு வழி உண்டு. மஸ்டடானின் விரிவான இணைய முகப்பில் ஒரே பத்தியில் பல ஹேஷ்டேக்குகளைச் சேர்த்து, 'இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் காட்டு' என்று அமைத்துக்கொள்ளலாம். ரமலானும் ரமழானும் ரமளானும் அப்போது ஒரே இடத்தில் வந்து சேரும்.

ஒவ்வொரு பதிவுக்கும் மொழி குறிக்கும் வசதி இரண்டு தளங்களிலும் இருக்கிறது. கைப்பேசி ஆங்கிலத்தில் இருந்தால் பதிவும் ஆங்கிலம் என்றே குறிக்கப்பட்டுவிடும்; பலரும் அதை மாற்றுவதில்லை. தமிழ் மட்டும் போதும் என்று வடிகட்டி வைத்திருப்பவர் கண்ணில் அந்தத் தமிழ்ப் பதிவு படாமலே போய்விடும். மொழியைத் 'தமிழ்' என மாற்ற ஒரு நொடிதான் ஆகும்.

ப்ளூஸ்கையில் இதைவிட வசதியான ஏற்பாடு இருக்கிறது. அங்கே அல்காரிதம் உண்டு. ஆனால் அதை நிறுவனம் மட்டுமல்ல, யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். 'ஃபீட்' என்று சொல்கிறார்கள். பாலஸ்தீனம் என்ற சொல்லின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், எல்லா உருபுகளையும் உள்ளடக்கி, தமிழ்ப் பதிவுகளை மட்டும் திரட்டும் ஒரு ஃபீடைக் கணினி தெரிந்த ஓர் இளைஞர் ஒரு மாலைப் பொழுதில் அமைத்துவிடலாம்; நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் அதற்கான இலவசக் கருவிகள் இருக்கின்றன. இன்னொன்று, 'ஸ்டார்ட்டர் பேக்'. 2024-ல் வந்த இந்த வசதியில், ஒரு துறையைச் சேர்ந்த 150 பேர் வரை ஒரே பட்டியலாகத் தொகுத்து ஒரு சுட்டியாக அனுப்பலாம். புதிதாக வருபவர் அதைத் தட்டினால் அத்தனை பேரையும் ஒரேயடியாகப் பின்தொடரலாம். மஸ்டடானின் காலித் திரைக்கு ப்ளூஸ்கை தந்த விடை இதுதான். 2024 இறுதியில் ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் கூட்டம் கூட்டமாக அங்கே இடம்பெயர்ந்து நிலைத்ததற்கு இந்தப் பட்டியல்கள் பெரிய காரணம். தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்கள், ஆலிம்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பத்திரிகையாளர்கள் என்று இப்படியொரு பட்டியலை யாராவது போட்டால் எத்தனை பேருக்கு உதவும்!

(போகிற போக்கில் ஒன்று: ப்ளூஸ்கையின் 300 எழுத்து வரம்பு தமிழுக்குச் சற்று நியாயமானது. 'நி' என்பதை அது ஓர் எழுத்தாகவே எண்ணுகிறது. எக்ஸில் அது இரண்டு.)

பிளாக்ஸ்கை: சிறுபான்மையினர் கட்டிய வீடு

முஸ்லிம்களுக்கென்றே தனி சமூக வலைத்தளம் வேண்டும் என்ற பேச்சு பழையது. ஃபின்லாந்தில் 2006-ல் தொடங்கப்பட்ட மக்ஸ்லிம் 2012-ல் மூடப்பட்டது. இஸ்தான்புல்லிலிருந்து பெரும் விளம்பரத்துடன் அறிவிக்கப்பட்ட சலாம்வேர்ல்டும் நிலைக்கவில்லை. 'சுதேசி ட்விட்டர்' என்று அரசின் ஆசியோடு வளர்ந்த கூ செயலியே 2024 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? சுற்றிலும் மதில் எழுப்பிய தனிக் குடியிருப்பில் நாம் மட்டும் பேசிக்கொண்டிருப்போம். வெளியில் இருப்பவருக்குக் கேட்காது. கேட்காத இடத்தில் நம்மவரும் தங்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் கறுப்பின மக்கள் இதற்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். 2022-ல் ட்விட்டரை விட்டு மஸ்டடானுக்குப் போன கறுப்பினத்தவர் பலருக்கு அங்கே கசப்பான அனுபவம் ஏற்பட்டது. தாங்கள் சந்தித்த இனவெறியைப் பற்றி எழுதினால், 'அதை எச்சரிக்கைத் திரைக்குப் பின்னால் மறைத்து எழுதுங்கள்' என்று வெள்ளை இனத்தவர் அறிவுரை சொன்னார்கள். முதலாளி இல்லாத இடத்திலும் பெரும்பான்மையின் ரசனைதான் சட்டமாகியது. பரவலாக்கம் என்றாலே நீதி என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ரூடி ஃப்ரேசர் என்ற நியூயார்க் தொழில்நுட்பவியலாளர் 2023-ல் ப்ளூஸ்கையில் பிளாக்ஸ்கை என்ற ஃபீடைத் தொடங்கினார். ஒரு ஹேஷ்டேக்கை இட்டு அதில் சேர்ந்துகொண்ட கறுப்பினத்தவரின் பதிவுகள் அதில் திரண்டன. அடுத்து, கறுப்பினத்தவருக்கு எதிரான வசைகளை அடையாளமிட்டு மறைக்கும் கண்காணிப்புச் சேவையை அமைத்தார்கள். சொந்த சர்வர் வந்தது, சொந்தச் செயலியும் வந்தது. இத்தனையும் செய்த பிறகும் அவர்கள் மற்ற 4 கோடி பேரிடமிருந்து பிரிந்துவிடவில்லை. பொது வீதியிலேயே, ஆனால் தங்கள் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். நாளை ப்ளூஸ்கை நிறுவனம் கைமாறினாலும், கணக்குகளும் பதிவுகளும் அவர்கள் சர்வரிலேயே இருக்கும். முதலில் ஒரு ஃபீடு, அதைச் சுற்றி மக்கள், அதன் பிறகு சர்வர் என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள். நம்மவர்கள் வழக்கமாக முதலில் கட்டடத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் ஆள் தேடுவார்கள்.

அரசுகளின் கை எட்டாதா?

எட்டும். 2025 ஏப்ரலில் துருக்கி அரசின் கோரிக்கையை ஏற்று ப்ளூஸ்கை 72 கணக்குகளை அந்நாட்டில் மறைத்தது. வேறுபாடு என்னவென்றால், மறைத்தது நிறுவனத்தின் அதிகாரபூர்வச் செயலியில்தான்; அதே வலைப்பின்னலைப் பயன்படுத்தும் வேறு செயலிகளில் அந்தக் கணக்குகள் தெரிந்தன. இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. 2023 மே மாதம் ஒன்றிய அரசு, ஜம்மு காஷ்மீரைக் காரணம் காட்டி 14 தகவல் செயலிகளைத் தடை செய்தபோது எலிமெண்ட் என்ற செயலியும் அதில் இருந்தது. அது மேட்ரிக்ஸ் என்ற பரவலாக்கப்பட்ட வலைப்பின்னலில் இயங்குவது. பிரெஞ்சு அரசு ஊழியர்களும் ஜெர்மன் ராணுவமும் தங்கள் உள் தகவல் பரிமாற்றத்துக்கு அதே மேட்ரிக்ஸைத்தான் பயன்படுத்துகின்றன!

காஸாவைப் பொறுத்தவரை ப்ளூஸ்கையும் சுத்தமான கையோடு இல்லை. குண்டுவீச்சுக்கு நடுவே உதவி கேட்டுக் கணக்குத் தொடங்கிய காஸா மக்கள் பலர், ஒரே செய்தியைப் பலருக்கும் அனுப்பியதால் 'ஸ்பேம்' என முடக்கப்பட்டதாகத் தொடர்ந்து புகார் எழுந்தது. பட்டினியில் இருப்பவர் பல கதவுகளைத் தட்டத்தான் செய்வார். வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் ஒவ்வொரு குடும்பத்தையும் சரிபார்த்துப் பட்டியலிட்டு, இவர்கள் உண்மையானவர்கள் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது.

சர்வர் நடத்துபவரின் நிலையையும் பார்க்க வேண்டும். மஸ்டடானில் தனிச்செய்தி என்று நாம் நினைப்பதை சர்வர் நிர்வாகி விரும்பினால் படிக்க முடியும்; வாட்ஸ்அப்பைப் போல இருமுனைப் பூட்டு அதில் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்காவில் கோலெக்டிவா என்ற மஸ்டடான் சர்வரின் நிர்வாகி ஒருவரின் வீட்டில் எஃப்பிஐ வேறொரு வழக்குக்காகச் சோதனை நடத்தியது. கைப்பற்றிய கருவிகளில் அந்த சர்வரின் பூட்டப்படாத தரவுப் பிரதியும் போய்விட்டது. அதில் உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் தனிச்செய்திகளும் இருந்தன. விசாரணை அமைப்புகளின் கண் நம் இளைஞர்கள் மீது எப்படி இருக்கிறது என்பது தெரிந்ததே. எனவே இத்தளங்களில் எழுதுவது எல்லாமே பொதுவெளியில், தெருமுனையில் நின்று பேசுவது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்ப விஷயம், பணவிஷயம், போராட்ட ஏற்பாடு எதுவும் அங்கே தனிச்செய்தியாகப் போகக் கூடாது.

முகவரியும் கைவிட்டுப் போகலாம். டாட் எம்எல் என்று முடியும் இணைய முகவரிகள் மாலி நாட்டுக்கு உரியவை. இலவசமாகக் கிடைத்ததால் பலரும் எடுத்தார்கள். 2023 ஜூலையில் மாலி அரசு அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது, லெம்மி சர்வர் ஒன்று ஒரே இரவில் முகவரி இழந்தது. மஸ்டடானில் சர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வரா. பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் அந்த மாற்றமும் சாத்தியம்.

வெறுப்பாளர்கள் அங்கே இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறார்கள். அமெரிக்க வலதுசாரிகளின் கேப் தளம் 2019-ல் மஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. டிரம்பின் ட்ரூத் சோஷியலும் அதே மென்பொருளின் மேல் கட்டப்பட்டதுதான். ஆனால் கேப் வந்தபோது நூற்றுக்கணக்கான சர்வர் நிர்வாகிகள் அதனுடன் தொடர்பையே துண்டித்தனர். அது இருக்கிறது, அதன் குரல் இவர்கள் தெருவுக்கு வருவதில்லை. ஃபேஸ்புக்கில் ஒரு வெறுப்புப் பக்கத்தை நீக்க ஆண்டுக்கணக்கில் புகார் அனுப்பியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

நம் இணையதளங்கள் செய்யக்கூடியது

தனிமனிதர்கள் கணக்குத் தொடங்குவதைவிட எளிதான, பலன் அதிகமான ஒரு வேலை இருக்கிறது. தமிழ் முஸ்லிம் செய்தித் தளங்களும் மாத இதழ்களின் இணையப் பதிப்புகளும் ஜமாஅத்துகளின் பக்கங்களும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கினால், அதற்கென ஆக்டிவிட்டிபப் செருகுநிரல் இலவசமாக இருக்கிறது. வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2023-ல் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதை நிறுவியதும் அந்த இணையதளமே ஒரு கணக்காகிவிடும். மஸ்டடானில் இருப்பவர் அதைப் பின்தொடரலாம். கட்டுரை வெளியானதும் அவர் திரையில் வரும். அவர் எழுதும் பதில் இணையதளத்தின் பின்னூட்டப் பகுதியில் வந்து சேரும். தனியாக ஆள் போட்டுப் பதிவிட வேண்டியதில்லை. முகவரியும் உள்ளடக்கமும் நம்முடையவை. மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பின்தொடர்பவர்களை ஒரு பக்க முடக்கத்தில் இழந்து, அடுத்த நாள் 'புதிய பக்கம், பின்தொடருங்கள்' என்று அறிவிப்புப் போடும் நிலை இதில் இல்லை.

தமிழுக்கென ஒரு சர்வர் வேண்டுமா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். வாடகை பெரிய செலவில்லை. சில நூறு பேருக்கான சர்வரை மாதம் சில ஆயிரம் ரூபாயில் நடத்திவிடலாம். ஆள்தான் செலவு. இன்று தமிழில் எழுதப்பட்ட ஒரு வெறுப்புப் பதிவைப் புகார் செய்தால், அது பெரும்பாலும் தமிழ் தெரியாத ஓர் ஐரோப்பிய நிர்வாகியிடம் போய், அவர் அதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அந்த இடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர், சென்னைப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் புரிந்தவர், நம்மவர் வாயிலிருந்து வரும் வசையையும் வசை என்றே எடுத்து நீக்கும் துணிவு உள்ளவர் நாலைந்து பேராவது முறை வைத்து உட்கார வேண்டும். இயக்க வேறுபாடு, மஸ்லக் வேறுபாடு எல்லாம் சேர்ந்து முதல் வாரத்திலேயே அவர்களுக்கு வேலை வந்துவிடும்.